ஓடை எந்தக் கைப்பக்கம்

புளித்தண்ணீர் இன்னும் கொதிக்கக்கூட ஆரம்பிக்கவில்லை, கூடத்தில் அதற்குள் பாதி மலை ஏறிவிட்டார்கள். தில்லைநாயகி கரண்டியைப் பிடித்தபடி அடுப்படியில் நின்றிருந்தாள். எருமைக்கல் ஏரிக்கு ஒரே நாளில் ஏறி இறங்குவது என்று திட்டம். நாளை விடியுமுன் கிளம்புகிறவர்களுக்குக் கட்டுச்சோறு வேண்டும், புளிக்காய்ச்சலை இன்று சாயங்காலமே இறக்கி வைத்துவிட்டால் காலையில் சோற்றை வடித்து ஆறவைத்துப் பிசைய வேண்டியதுதான். போகிறவர்கள் நாலு பேர், அவள் கணவர் ஞானசுந்தரம், மகள் இளவேனில், மாப்பிள்ளை கதிரவன், கணவரோடு ஒரே கல்லூரியில் பாடம் நடத்தி அவரோடேயே ஓய்வு பெற்ற அல்போன்ஸ். போகாதவள் ஒருத்தி. அவளைக் கூப்பிடவே இல்லை என்று சொன்னால் பாவம், கூப்பிட்டார்கள். “நீயும் வாயேம்மா” என்றாள் இளவேனில். சொல்லி வாய் மூடுவதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “வேணாம் வேணாம், நீ பாதி வழியில உக்காந்துட்டீன்னா உன்ன யாரு தூக்கிட்டு வர்றது” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். தில்லையும் சிரித்தாள். பாதி வழி என்பது இந்த வீட்டில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர். கோயில் படியில் கொஞ்சம் நின்றால் பாதி வழி, கடைத்தெருவில் பையைக் கைமாற்ற நின்றால் பாதி வழி, டிவி பார்க்கும்போது கண் அசந்தால்கூடப் பாதி வழி. கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போயிருக்க வேண்டும், மரக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தைத்த இடத்திலேயே வந்து தைக்கிறது. அவள் சிரிப்பை இழுத்து மேலே போர்த்திக்கொள்கிறாள். நல்லெண்ணெயில் கடுகு வெடித்துக் கடலைப்பருப்பு சிவந்து மிளகாய் வற்றல் கருகுகிற நெடி மூக்கில் ஏறியது, கண்ணில் நீர் வந்தது, வந்தால் மிளகாய் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம், அடுப்படியில் அந்த ஒரு சௌகரியம் உண்டு.

கூடத்தில் ஞானசுந்தரத்தின் குரல் வகுப்பெடுக்கிற குரலாகிவிட்டிருந்தது. “எருமைக்கல்லுன்னு ஏன் பேரு வந்துச்சுன்னா மாப்ளே, தண்ணிக்கு நடுவுல ஒரு பாறை, எருமை படுத்துக் கெடக்கற மாதிரியே இருக்கும், கொம்புகூட உண்டு.” கொம்பு கிடையாது. கொம்பு போன வருஷம்தான் முளைத்தது, அதற்கு முன்னால் வெறும் முதுகு மட்டும்தான் இருந்தது, இன்னும் நாலு தீபாவளி போனால் அந்த எருமை கன்றும் போடும். தில்லை மஞ்சள்தூளைப் போட்டுக் கிண்டினாள். மாப்பிள்ளை செல்போனில் மேப்பைத் தேடிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, “இதுல வழியே காட்டல மாமா, ஒரே பச்சையா இருக்கு” என்றார். “அதுல எங்க காட்டும், அதெல்லாம் கால் நடந்து போட்ட வழி” என்றார் ஞானசுந்தரம். வண்டி காப்பித் தோட்டம் வரைக்கும் போகும், அதற்கு மேல் கால்தான். தோட்டத்து மேனேஜர் கூடவே ஒரு வாட்சரை அனுப்புகிறேன் என்றாராம், இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். “நான் இருக்கேன்ல, அப்புறம் வாட்சர் எதுக்கு? கண்ணக் கட்டி விட்டாலும் கொண்டுபோய்ச் சேத்துருவேன்.” மொட்டைமாடிக்கு ஏறி வடகத்தை எடுத்து வருவதற்குள் மூச்சு வாங்கிக் கட்டைச்சுவரில் சாய்கிற மனிதர். அல்போன்ஸ் கொஞ்சம் யோசனைக்காரர், “அங்க மேல மேகம் எறங்கிருச்சுன்னா பக்கத்துல நிக்கற ஆள் தெரியாதும்பாங்களே ஞானம்” என்றார். “தெரியாதுதான். அதனாலதான் சொல்றேன், ஒரே ஒரு எடத்த மட்டும் எல்லாரும் மனசுல வச்சுக்கங்க. தட்டப்பாறைன்னு ஒண்ணு வரும், தில்லை உக்காந்திருந்த பாறை.” சிரிப்பு. “அங்க வழி ரெண்டாப் பிரியும். நாம ஓடையத் தாண்டி அந்தப் பக்கமா ஏறணும். ஓடை இடது கைப்பக்கமாவே வந்துக்கிட்டு இருந்துச்சுன்னா தப்பவே தப்பாது.” தில்லையின் கை நின்றது. கரண்டி நின்ற இடத்தில் புளி ஒரு கொப்புளம் விட்டு உடைந்து புறங்கையில் தெறித்தது. எரிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. ஓடை இடது கைப்பக்கமாவே வந்துக்கிட்டு இருந்துச்சுன்னா தப்பவே தப்பாது. அவளுடைய வார்த்தை. ஒரு எழுத்து மாறாமல் அவளுடைய வாயிலிருந்து வந்தது. ஆனால் அவள் அதைச் சொன்னது இறங்கி வரும்போது.

இறங்கும்போது இடது கையில் வருகிற ஓடை ஏறும்போது வலது கையில்தானே இருக்கும். சின்னப் பிள்ளைக்குத் தெரியும். தாவரவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவர் ஏறவே இல்லை. கல்யாணமான வருஷம். அவருடைய சித்தப்பா மகன் மருதப்பன் அந்தக் காப்பித் தோட்டத்தில் கிளார்க், புது மாப்பிள்ளை பொண்ணு வந்து தங்குங்கள் என்று குவார்ட்டர்ஸுக்கு அழைத்திருந்தார். ஏரியைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று இரண்டு பேரும் காலையில் கிளம்பினார்கள், இவர் கழுத்தில் புதுக் கேமரா. அட்டைகள். காலில் ஏறிய அட்டையை இவர் பிடுங்கிப் போட்டார், ரத்தம் நிற்காமல் வழிந்தது, ரத்தத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துத் தட்டைப்பாறையில் உட்கார்ந்தவர்தான். தொடை இழுத்துப் பிடித்துக்கொண்டது, மூச்சும் வாங்கியது. “என்னால முடியல தில்லை, திரும்பிரலாம்” என்றார். அவள் பிறந்து வளர்ந்தது மேகமலையில் ஒரு தேயிலைத் தோட்டம், அப்பா அங்கே கம்பவுண்டர், சரிவில் ஏறுவதும் தட்டில் சோறு போட்டுச் சாப்பிடுவதும் அவளுக்கு ஒன்றுதான். “இந்தா வந்துர்றேன், நீங்க உக்காந்திருங்க” என்று அவர் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு போனாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்ப அவளுக்கு மனசில்லை. முதலில் ஓடையைத் தாண்டி அந்தப் பக்கத்து வழியில்தான் ஏறினாள், பார்க்க அதுதான் நல்ல தடமாகத் தெரிந்தது, காட்டெருமை நடந்த தடம் என்று பிற்பாடு புரிந்தது. ஓடை இடது கையில். புல்வெளி. மெத்தென்று காலுக்கு இதமான புல், சுற்றிலும் வெள்ளையாக மேகம், அடுத்த அடி தெரியாது, தெரியாவிட்டால் என்ன புல்தானே என்று நடந்தாள். கால் பட்டு ஒரு கல் நகர்ந்தது. உருண்டது. விழுந்த சத்தம் கேட்கும் என்று நின்றாள். கேட்கவில்லை. நின்றுகொண்டே இருந்தாள், கேட்கவே இல்லை. அப்புறம் உட்கார்ந்தாள், புல்லைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து ஓடைக்கு வந்துசேர்ந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், நான்தான் போகாதேன்னேனே என்பார். ஓடையை மறுபடி தாண்டி இந்தப் பக்கத்து வழியில் ஏறினாள். தண்ணீர் வலது கை ஓரத்தில் சாடிக்கொண்டு வந்தது, கண்ணாடி வளையலெல்லாம் நனைந்து கையோடு ஒட்டிக்கொண்டது. பிறகு ஏரி. என்னவென்று சொல்வது, பெரிய அழகு என்றுகூடச் சொல்ல முடியாது, கறுத்த தண்ணீர், நடுவில் பாறை, ஒரு பறவைகூட இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் வரைக்கும் இறங்கி நின்றாள். குனிந்து அள்ளிக் குடித்தாள், இரும்பு வாளியில் ஊற வைத்த தண்ணீர் ருசி. அந்த நேரத்தில் அவளை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. தில்லை இதை எடு, தில்லை அதை வை என்று ஒரு குரல் இல்லை. அவள் அங்கே நிற்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பயமாகவும் இருந்தது, திரும்பிப் போகவே வேண்டாம் என்றும் இருந்தது. மேகம் விலகி ஒரு வெயில் அடித்தபோது ஒரே ஒரு போட்டோ எடுத்தாள். இறங்கி வந்து அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு கீழே கூட்டிப்போகும்போது அவர் கேட்டார், மேலே எப்படி இருந்தது என்று. சின்னப் பிள்ளை கதை கேட்பது போலக் கேட்டார். இவளும் சொல்லிக்கொண்டே வந்தாள், எருமை, கறுத்த தண்ணீர், வழி கஷ்டமா என்றார், இல்லைங்க, இந்தா ஓடை இடது கைப்பக்கமாவே வந்துக்கிட்டு இருந்துச்சுன்னா தப்பவே தப்பாது என்று கையைக் காட்டினாள்.

அன்று மருதப்பன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மருதப்பன் கேட்டார், “என்ன அண்ணே, ஏரியப் பாத்தீங்களா?” இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “பாத்தேன். இவளாலதான் முடியல, பாவம், பாதி வழியில உக்காந்துட்டா” என்றார். தில்லை அப்போது ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அவரும் பார்த்தார். அந்தப் பார்வையில் அன்றைக்கு ஒரு கெஞ்சல் இருந்தது, அதைச் சத்தியமாகச் சொல்வாள், கெஞ்சல் இருந்தது. புதுப் புருஷன், பங்காளி வீடு, பெண்டாட்டி ஏறினாள் நான் உட்கார்ந்திருந்தேன் என்று எந்த ஆம்பளை சொல்வான். போகட்டும் என்று விட்டாள். விட்டதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது, அவருடைய ரகசியம் ஒன்று தன் மடியில் இருக்கிறது என்று. அறைக்கு வந்ததும் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள், ஒரு சிரிப்பாவது சிரிப்பார் என்று. தைலம் தேய்த்துவிடச் சொல்லிக் காலை நீட்டினார். பிறகு ஊருக்கு வந்து அவருடைய அம்மாவிடம் சொன்னார், கல்லூரியில் சொன்னார், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், இவர் ஒரு ஏரியையே மறைத்தார், பரிமாறினது இவள். போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினார். கழுவி வந்த படத்தில் கீழ் ஓரமாக அவளுடைய நிழல் விழுந்திருந்தது, இடுப்பில் முந்தானையைச் செருகிய பொம்பளை நிழல், நன்றாகத் தெரிந்தது. சட்டத்துக்குள் வந்தபோது அது இல்லை. “கீழ நெழலு விழுந்து அசிங்கமா இருந்துச்சு, வெட்டிட்டேன்” என்றார். அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். வயிற்றில் இளவேனில் இருந்தாள், வாந்தி, மயக்கம், படத்துக்கு யார் சண்டை போடுவார்கள் என்று விட்டாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். சொல்லிச் சொல்லி அவர் ஏரிக்கே போய்ச் சேர்ந்துவிட்டார், அவளைப் பாறையில் உட்கார வைத்துவிட்டார். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருவரும் அவரிடம் வழி கேட்டதில்லை. கதைக்கு வழி தேவைப்படவில்லை, ஏரி மட்டும் போதுமாக இருந்தது. இன்றைக்குத்தான் வழி தேவைப்படுகிறது. நாளைக்கு அந்த வழியில் ஓடையைத் தாண்டிப் புல்வெளியில் கால் வைக்கப் போகிறவள் இளவேனில், அவள்தான் எப்போதும் முன்னால் நடப்பாள், அந்தக் கால் மட்டும் அப்படியே தில்லையின் கால்.

“என்னங்க, ஒரு நிமிஷம் இங்க வாங்களேன்” என்று கூப்பிட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. ஞானசுந்தரம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அடுப்படிக்குள் வந்தார். “காய்ச்சலா? வாசனை ஜோரா இருக்கு.” அவள் கிண்டுவதை நிறுத்தாமல் தாழ்ந்த குரலில் சொன்னாள். “ஓடை இடது கைன்னு சொன்னீங்கல்ல, அது எறங்கும்போதுங்க. ஏறும்போது வலது கையில வரணும். ஓடையத் தாண்டவே கூடாது. தாண்டுனா புல்லுச்சரிவு, அதுக்கு அங்கிட்டு பள்ளம். மேகம் எறங்கியிருந்தா தெரியாது.” அவர் அவளைப் பார்த்தார். “உனக்கு எப்படித் தெரியும்?” கூடத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து அப்படிப் பேசுகிறார் என்று அவள் நினைத்தாள். இன்னும் குரலைத் தாழ்த்தினாள். “அவங்களுக்குக் கேக்காதுங்க. நான் சொன்னேன்னு சொல்ல வேணாம். நீங்களே மறந்து மாத்திச் சொல்லிட்ட மாதிரி சொல்லிருங்க, போதும்.” “அதில்ல தில்லை” என்றார். எரிச்சல்கூட இல்லை, மாணவனுக்கு விளக்குகிற நிதானம். “நீதான் பாறையில உக்காந்திருந்தியே. மேல என்ன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறேன்.” அடுப்படியில் அவர்கள் இரண்டு பேர்தான். கதவு பாதி சாத்தியிருந்தது. யாருக்காகவும் நடிக்க வேண்டியதில்லை. அவள் அவர் கண்ணைப் பார்த்தாள், மருதப்பன் வீட்டில் ரசம் ஊற்றும்போது பார்த்த அந்தக் கெஞ்சல் எங்காவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. பொய் சொல்கிறவன் கண்ணில் ஒரு சின்ன நகர்வு இருக்கும், வியாபாரியிடம் பார்த்திருக்கிறாள், பிள்ளையிடம் பார்த்திருக்கிறாள், அதுவும் இல்லை. தெளிந்த கண். உண்மையாகவே ஏரியைப் பார்த்த மனிதரின் கண். “பயந்துக்காத. புள்ள கூட நான் போறேன்ல, நான் போன வழிதானே” என்று தோளைத் தட்டிக்கொடுத்தார். தட்டில் வறுத்து வைத்திருந்த நிலக்கடலையில் ஒரு கை அள்ளிக்கொண்டு போனார்.

இதுவரைக்கும் அவர் திருடன் என்றாவது இருந்தது. திருடன் ஒருத்தன் இருந்தால் பறிகொடுத்தவளும் இருப்பாள், இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பொருள் இருக்கும். இப்போது எடுத்தவருக்கே எடுத்தது நினைவில்லை என்றால் இவள் யாரிடம் போய்க் கேட்பது. இத்தனை வருஷம் அவர் தூங்கும்போதாவது அந்தப் பாறையில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், தனியாக இருக்கும்போதாவது கூச்சப்படுவார் என்று. பைத்தியக்காரி. கூச்சப்பட்டது இவள்தான், அவருக்கும் சேர்த்து. புளி இறுகிக்கொண்டு வந்தது, எண்ணெய் இன்னும் மேலே வரவில்லை. ஒருவேளை நான் போகவில்லையோ. இப்படியும் ஒரு நினைப்பு வந்தது. ஊரே சொல்கிறது, பெற்ற பிள்ளை சொல்கிறாள், கட்டினவர் கண்ணைப் பார்த்துச் சொல்கிறார், ஊமை கண்ட கனவாக ஒருத்தி மட்டும் எத்தனை நாளைக்கு வைத்துக்கொண்டிருப்பாள். இல்லை, கல். அந்தக் கல் உருண்டது, சத்தம் கேட்கவில்லை, அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. எருமையைக் கொடுத்தாள், தண்ணீரைக் கொடுத்தாள், வழியைக்கூடக் கொடுத்தாள், கல்லைக் கொடுக்கவில்லை. அது இருக்கிறவரைக்கும் அவள் போனாள். நாளைக்கு இவர்கள் இடது கைப்பக்கம் ஓடையை வைத்துக்கொண்டு போகட்டும், போய் நிற்கட்டும், ஏரி எங்கே மாமா என்று மாப்பிள்ளை கேட்கட்டும், அப்போது தெரியும். நினைக்க இனித்தது. நாக்கில் அந்த இனிப்பு இருக்கும்போதே மேகத்துக்குள் இளவேனில் நடந்தாள், மெத்தென்ற புல், சீக்கிரம் வாங்கப்பா என்று திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு அடி வைத்தாள். தில்லை அடுப்பைத் தணித்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். கூடத்துக்குப் போனாள்.

நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். காப்பி கொண்டு வந்திருக்கிறாளோ என்று கையைப் பார்த்தார்கள். “ஓடை வலது கைப்பக்கம் வரணும்” என்றாள் தில்லை. “நான் போயிருக்கேன். அன்னைக்கு உங்க அப்பாதான் பாறையில உக்காந்திருந்தாரு. நான்தான் ஏரிக்குப் போனேன்.” எத்தனை வருஷமாகச் சொல்லிப் பார்த்த வாக்கியம், குளிக்கும்போது, மாவாட்டும்போது, மூத்திரத்துக்கு எழுந்து வந்து படுக்கும்போது. வெளியே வந்ததும் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. இளவேனில்தான் முதலில் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, பாசமாகத்தான் சிரித்தாள், அதுதான் தாங்க முடியவில்லை. “ம்மா, அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டு உனக்கே போயிட்டு வந்த மாதிரி ஆயிருச்சு” என்றாள். மாப்பிள்ளை மரியாதைக்காரர், செல்போனைப் பார்த்தபடி, “இருக்கலாம் அத்தை” என்றார். “நான் தப்பான வழியிலயும் போனேன். ஓடையத் தாண்டிப் போனேன். புல்லுல ஒரு கல்லு உருண்டுச்சு. விழுந்த சத்தமே கேக்கல. அம்புட்டுப் பள்ளம்” என்றாள் தில்லை. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது சொன்ன பிறகுதான் தெரிந்தது. அல்போன்ஸ் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். “தங்கச்சி இவ்வளவு திட்டமா சொல்லுது. இதை நீ சொன்னதே இல்லையே ஞானம்.” ஞானசுந்தரம் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த ஏரியைப் பார்த்தார். “ஆமா, ஒரு கல்லு உருண்டுச்சு” என்றார் மெதுவாக. “சத்தமே வரல. நான் மறந்தே போயிட்டேன், பாரு, இவ ஞாபகம் வச்சிருக்கா. எறங்கி வந்தப்ப இவகிட்டச் சொல்லியிருக்கேன். அது ஏரிக்கு அந்தப் பக்கம், அங்க நாம போகப்போறதில்ல.” அவளைப் பார்த்துச் சிரித்தார், நன்றியோடு. அவ்வளவுதான், கல்லும் போயிற்று.

தில்லை நின்றாள். அழுகை வரவில்லை, வந்தால் நல்லது என்றிருந்தது. கையில் இனி ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லாத கைக்கு ஒரு சுலபம் இருந்தது. “நான் சொன்னா நம்ப மாட்டீங்க” என்றாள். “மருதப்பன் கொழுந்தனார் அன்னைக்குச் சொன்னாரு. நீங்க குளிக்கப் போயிருந்தீங்க. ஏறும்போது ஓடை வலது கைப்பக்கமா வரணும் அண்ணி, தாண்டுனா ஆபத்து, அண்ணன் எறங்கி வந்த தெசைய வச்சு மாத்திச் சொல்லிருவாரு, ஞாபகப்படுத்துங்கன்னாரு.” மருதப்பன் செத்து வெகுகாலம் ஆகிறது. அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. “மருதப்பன் சித்தப்பாவா சொன்னாரு?” என்று இளவேனில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “தோட்டத்துலயே கெடந்த மனுஷன், அவருக்குத் தெரியாம இருக்குமா” என்றார் அல்போன்ஸ். “அப்ப வலதுதான் மாமா” என்றார் மாப்பிள்ளை. ஞானசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். வலது கையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். “ஆமாடா. வலதுதான். இப்பத்தான் ஞாபகம் வருது. தண்ணி சாடி இந்தக் கையெல்லாம் நனைஞ்சு போச்சு” என்றார். அந்தக் கையை எல்லாரும் பார்த்தார்கள். “இதைச் சொல்லாம உள்ளயே வச்சிருந்திருக்கியேம்மா, நல்லவேளை” என்றாள் இளவேனில். தில்லை திரும்பி அடுப்படிக்குள் வந்தாள். தணித்து வைத்தும் காய்ச்சல் அடிப்பிடித்திருந்தது, வாசல்படியிலேயே தெரிந்தது. அடியைச் சுரண்டாமல் மேலாக மட்டும் எடுத்துவிட்டால் கசப்பு ஏறாது. மேலே எண்ணெய் பிரிந்து நின்றதைப் பார்த்துப் பக்குவமாக வேறு சட்டிக்கு மாற்றினாள். சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியப் போவதில்லை.

அடிச்சட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டாள். நாளைக்கும் அவர் தட்டைப்பாறையில்தான் உட்காருவார், அந்த மூச்சுக்கு அதற்கு மேல் முடியாது. பிள்ளைகள் ஏறிப் போவார்கள், இளவேனில் இறங்கி வந்து மேலே பார்த்ததையெல்லாம் ஆசையாகச் சொல்வாள், அவர் சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொள்வார். அடுத்த தீபாவளிக்கு அதுவும் அவருடையதாகியிருக்கும். அப்போது இளவேனில் தன்னைத் திரும்பிப் பார்ப்பாளா, பார்த்தால் தான் என்ன செய்வாள் என்று யோசித்துப் பார்த்தாள், தெரியவில்லை. கதவருகே ஞானசுந்தரம் வந்து நின்றார். மனசு குளிர்ந்திருந்தார். “தில்லை, ஒரு காலி பாட்டில் இருந்தா எடுத்து வையி. ஏரித்தண்ணி கொஞ்சம் பிடிச்சுட்டு வர்றேன் உனக்கு. நீதான் பாக்கவே இல்லையே, ருசியாவது பாரு.” இரும்பு வாளியில் ஊறின ருசி. கீழே வந்து சேர்வதற்குள் அதுவும் போய்விடும், வெறும் தண்ணீராகிவிடும். “சரிங்க” என்றாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, உள்ளே கை போகாததால் அரிசியும் தண்ணீரும் போட்டுக் குலுக்கிக் கழுவி, மூடியைத் தனியாகத் துடைத்து, இரண்டையும் கட்டுச்சோற்றுக் கூடைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.